மரியம்மாவும் இறுகுகிற துவக்கும்

“துவக்கு இறுகினபடியாலைதான் நீங்கள் இண்டைக்கு உயிரோடை இருக்கிறியள். பிறகென்னத்துக்கு அதைத் திருத்திறியள்?”

பேஸ்மென்ற் படிக்கட்டின் மேலே, கையில் அகப்பையோடு நின்றுதான் மரியம்மா இதைக் கேட்டாள். கீழே மேசை விளக்குக்குக் குனிந்திருந்த மனிசன் எமிலியானுஸ் நிமிரக்கூட இல்லை.

“அது வேறை துவக்கு. இது வேறை.”

“எல்லாம் இரும்புதானே.”

“நீ போய்க் கறியைப் பார். எரியிற மணம் வருது.”

கறி எரியவில்லை. அவளை அந்த இடத்தை விட்டு அனுப்ப அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

மரியம்மாவின் வாய்க்கு மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்சனில் பயப்படாத தமிழாள் இல்லை. பூசை முடிந்து வாசலில் நின்ற பாதரிடமே “பிரசங்கம் நீண்டு போச்சு, எங்கட கால் உளையுது” என்று சொன்னவள். இருபது வருசம் ஹோட்டலில் கட்டில் விரித்தாள். மேலதிகாரிப் பெண் பிழை பிடித்தால், ஹோட்டலில் பொறுக்கிய பிரெஞ்சிலேயே திருப்பிக் கொடுப்பாள். மனதில் ஒன்றை வைத்துப் பூட்டத் தெரியாத மனுசி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பூட்டி வைத்தது ஒன்று இருந்தது.

எண்பத்தாறாம் ஆண்டு, ஊர்க் கடற்கரை. சீருடைக்காரர் வந்து, அகப்பட்ட ஆம்பிளைகளை மணலில் வரிசையாக முழங்காலில் இருத்தினார்கள். முதல் ஆள் எமிலியானுஸ். அடுத்த ஆள் செபஸ்தியாம்பிள்ளை, மரியம்மாவின் அண்ணன். மரியம்மா வலைக் குவியலுக்குப் பின்னால், சட்டையின் நுனியை வாயில் அடைத்துக்கொண்டு கிடந்தாள். ஒருவன் எமிலியானுசின் நெற்றிக்குக் கைத்துவக்கை நீட்டி, அதன் மேல்பக்கத்தை இழுத்து விட்டான். ரவை உள்ளே போகாமல் பாதியில் இறுகிவிட்டது. உள்ளங்கையால் தட்டினான். மறுபடி இழுத்தான். இறுகின ரவை மணலில் விழுந்தது.

சறக். டொக். சறக்.

அதற்குள் அவன் ஒரு அடி தள்ளி நின்றிருந்தான். திரும்பி முதல் ஆளிடம் வரப் பஞ்சிப்பட்டானோ என்னவோ, முன்னுக்கு இருந்த செபஸ்தியாம்பிள்ளையின் தலைக்கே வைத்தான். ஒரே ஒரு வெடி. பிறகு வாகனத்திலிருந்து யாரோ கூப்பிட, எல்லாரும் ஏறிப் போய்விட்டார்கள்.

அடுத்த வருசம் மரியம்மா எமிலியானுசைக் கலியாணம் கட்டினாள். மொன்றியலுக்கு வந்தார்கள், றொஷினியைப் பெற்றார்கள், வளர்த்தார்கள். அந்த மணலைப் பற்றி இருவரும் ஒரு சொல் கதைத்ததில்லை. அன்றைக்குப் படிக்கட்டில் அவள் வாய் தவறிச் சொன்னதுதான் முதல் தடவை.

எமிலியானுஸ் இரும்புப் பட்டறையில் வேலை செய்தவர். அங்கே கூட வேலை பார்த்தவன் ஒருவன் லவாலில் உள்ள சூட்டுக் கழகத்துக்குக் கூட்டிப் போனான். கடதாசியில் போட்ட வட்டத்துக்குச் சுடுகிற விளையாட்டு. போனவர் அங்கேயே ஒட்டிக்கொண்டார். பத்திரங்கள் எல்லாம் எடுத்து ஒரு பிஸ்டல் வாங்கினார். பென்சன் எடுத்தபின் கடை ரவை கட்டுப்படியாகவில்லை. சுட்ட வெறுங்கோதுகளைப் பொறுக்கி வந்து, மருந்தும் ஈயச் சன்னமும் வைத்துத் தானே ரவை செய்யத் தொடங்கினார்.

அவர் கோதுகளைச் சவர்க்காரத் தண்ணியில் அலம்பினது மரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கறுத்த பித்தளை தன்னுடைய சிங்கில் கிடப்பதை அவள் பொறுக்க மாட்டாள். கோயில் மெழுகுதிரித் தண்டுகளை மினுக்கின கை அது. பறித்தெடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தாள். ரவை செய்து முடிந்தபின் அதில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். அதைத் துடைத்து மினுக்குவதும் அவள்தான். வெடிக்கிற சாமான் என்ற பயம் இல்லை. பித்தளை பித்தளைதானே.

ஆனால் அந்த ரவைகள் ஓடவில்லை. கடை ரவை போட்டால் பிஸ்டல் ஒழுங்காகச் சுடும். இவர் செய்ததைப் போட்டால் நாலைந்துக்கு ஒன்று பாதியில் நின்றுவிடும். ரவையின் நீளத்தைக் குறைத்துப் பார்த்தார். கோதின் வாயைக் கொஞ்சம் இறுக்கிப் பார்த்தார். ரவைக்கூட்டின் சுருள் கம்பியை மாற்றினார். சனிக்கிழமை மத்தியானங்களில் மருந்து போடாத பொய் ரவைகளை வைத்துப் பேஸ்மென்றில் இழுத்து இழுத்துச் சோதித்தார்.

மேலே குசினியில் மரியம்மாவுக்குக் கேட்கும்.

சறக். டொக். சறக்.

அவள் கை நின்றுவிடும். வெங்காயம் பாதி வெட்டினபடி, தண்ணீர்க் குழாய் திறந்தபடி. அதற்குப் பிறகு வரவேண்டிய வெடிக்காக நிற்பாள். அது வராது. வந்து முடிந்தால் அழலாம். வராத வெடிக்கு என்ன செய்வது? அடுத்த இழுவை வரும்வரை செபஸ்தி அங்கே முழங்காலில் இருக்கிறான்.

ஒரு சனிக்கிழமை சாப்பாட்டுக்கு வந்திருந்த றொஷினி மேசையைப் பார்த்துக் கேட்டாள்: “அம்மா, நாங்கள் மூண்டு பேர். ஆருக்கு நாலாவது கோப்பை?”

மரியம்மா கோப்பையை எடுத்து அலுமாரிக்குள் வைத்தாள். அன்றைக்குப் பின்னேரம் பேஸ்மென்றுக்கு இறங்கிப் போனாள்.

“திருத்தித் துலையுங்கோ. என்ன பிழையெண்டு அந்தக் கழகத்திலை ஆரிட்டையும் கேளுங்கோ. நானும் வாறன்.”

“நீயோ? திருத்த வேண்டாமெண்டு சொன்ன வாய்தானே?”

“அந்த வாய்தான். இப்ப வேறை மாதிரிச் சொல்லுது.”

கழகத்தில் சூட்டைக் கண்காணிப்பவள் செலீன். நரைத்த தலை, ஒட்டின கன்னம், கண் மட்டும் கத்தி. பிஸ்டலின் குழலைத் தனியாகக் கழற்றிக் கையில் பிடித்தாள். கடை ரவை ஒன்றை அதன் வாயில் போட்டாள், டிங்கென்று இறங்கியது. எமிலியானுசின் ரவையைப் போட்டாள், கழுத்தளவில் நின்றது. எடுத்து வெள்ளைச் சீலையில் துடைத்தாள். சீலையில் சாம்பல் நிறக் கோடு. மூக்கருகே கொண்டுபோனவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“நல்ல வாசம் வருகிறதே! என்ன பூசினீர்கள்?” என்று பிரெஞ்சில் கேட்டாள்.

மரியம்மா தமிழில் சொன்னாள்: “திருநீறு.”

எமிலியானுஸ் திகைத்துப் போனார். “எடியே, நாங்கள் வேதக்காரரடி!”

“பித்தளைக்குச் சமயம் தெரியுமோ? கரண்ட் அடுப்பிலை நான் சாம்பலுக்கு எங்கை போறது? பக்கத்து வீட்டுத் தாட்சாயினி குத்துவிளக்குக்கு இதைத்தான் போடுறவள். ஒரு பக்கற் தந்தவள்.”

எண்ணெய்ப் பிசுக்கும் பொடியும் சேர்ந்தால் பசை, பசை காய்ந்தால் சீமெந்து, ரவையைச் சுற்றி அதுதான் என்று செலீன் காட்டினாள். எமிலியானுஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மரியம்மாவும் பல்லைக் காட்டி வைத்தாள்.

திரும்பி வரும்போது பாலத்தில் வாகனங்கள் நெரிந்து நின்றன. “என்ன சத்தத்தைக் காணேல்லை? வெக்கமோ?” என்றார் அவர்.

வெட்கம் இல்லை. அந்தச் சத்தத்தைச் செய்தது தன் கை என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அவர் இல்லை, பிஸ்டல் இல்லை. ஒவ்வொரு கிழமையும் அண்ணனை மணலில் கொண்டுபோய் இருத்தினது, மினுக்குகிறேன் பேர்வழி என்று அவள்தான். மடியில் கிடந்த விரல்களைப் பார்க்க அவளுக்கே அரியண்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தனையையும் துணியால் துடைத்துத் துப்புரவாக்கினாள். அடுத்த சனிக்கிழமை அவர் கீழே போய் இழுத்தார்.

சறக். சறக். சறக். சறக்.

தட்டல் இல்லை, நிற்கவில்லை. குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்த மரியம்மாவுக்கு முதலில் நெஞ்சு லேசாகியது. அடுத்த மூச்சில் விளங்கியது. அன்றைக்கு மணலில் இப்படி ஓடியிருந்தால், விழுந்திருப்பது வரிசையின் முதல் ஆள்.

முழங்கால் வருத்தத்தையும் மறந்து ஈரக் கையோடு படியிறங்கி ஓடினாள்.

“பார்த்தியா, தண்ணி மாதிரி ஓடுது!” என்று அவர் சிரித்துக்கொண்டு நின்றார். அவள் அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்து இழுத்து நெற்றியைப் பார்த்தாள். பெருவிரலால் தடவினாள். ஒன்றும் இல்லை, வயசான சுருக்கம்தான்.

“என்னடி?”

“ஒண்டுமில்லை. ஏதோ ஒட்டியிருந்தது.”

அவருடைய சிரிப்பு அடங்கியது. பிஸ்டலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

“விட்டுவிடட்டோ, மரியம்மா?”

“ஏன் தொடங்கினியள் எண்டு சொல்லுங்கோ முதல்.”

“அண்டைக்கு அது ஏன் இறுகினது எண்டு அறிய வேணும். மண்ணோ, சுருளோ, ரவை பிழையோ. என்னை உயிரோடை வைச்சிருந்தது என்னெண்டு அறியாமல் எப்பிடியடி சாகிறது?”

அவள் படியில் குந்தினாள். பிறகு கைத்தாங்கலைப் பிடித்து எழும்பினாள்.

“உங்களுக்கு அறிய வேணும். எனக்குக் கேக்கக் கூடாது. இறுகினாலும் கேக்கக் கூடாது, ஓடினாலும் கேக்கக் கூடாது. நீங்கள் உங்கட அலுவலைப் பாருங்கோ.”

ஞாயிறு பூசை முடிந்ததும் றொஷினியின் காரில் லவாலுக்குப் போய், வேட்டைச் சாமான் கடையில், சூட்டுச் சத்தம் கேளாமல் காதை மூடுகிற கவசம் ஒன்றை எடுத்தாள். சிவப்பு நிறம், இரண்டு கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி. எந்த மிருகம் சுடுகிறீர்கள் மேடம் என்று காசு வாங்கின பெடியன் பிரெஞ்சில் கேட்டான்.

“சமையலுக்கு,” என்றாள் மரியம்மா.

முப்பத்தொன்பது டொலர் தொண்ணூற்றொன்பது சதம், வரி வேறு.