கம்பஞ்சோறு

எங்கள் தோட்டம் துடியலூருக்கு மேற்கே. ஐம்பதுகளின் தொடக்கத்தில் அங்கே சோறு என்றால் கம்பஞ்சோறு, இல்லாவிட்டால் சோளச்சோறு. அரிசியில் ஆக்கினால்தான் முன்னால் ஒரு பேர் சேர்த்து நெல்லுச்சோறு என்போம். அது நோம்பி, பண்டிகை நாளில் கிடைக்கும்.

பிறகு அப்பா சிங்காநல்லூர் மில்லுக்குப் பருத்தி போட்டுவரத் தொடங்கினார். அங்கே எதைக் கண்டு மயங்கினாரோ, சோறு என்ற சொல்லை அப்படியே நெல்லுக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார். அம்மா ஆக்கியது வெறும் கம்பாகிவிட்டது. யாராவது வந்து, "உண்டாச்சுங்களா?" என்று கேட்டால், "இன்னும் சோறாகலீங்க" என்பார். வயிறு முட்டக் கம்பஞ்சோறு உண்டு, மீசையில் மோர்கூடக் காய்ந்திருக்காது. இப்படி ஒரு கௌரவம்!

அக்காவுக்கு மாப்பிள்ளையும் சிங்காநல்லூரிலேயே பார்த்தார். மில்லில் குமாஸ்தா. மாப்பிள்ளையின் அப்பா ஒருகாலத்தில் எங்கள் தோட்டத்துக்கு மாடு விலைக்குப் பிடிக்க வந்து, அம்மா கையால் கம்பஞ்சோறு வாங்கி உண்டவர்தான். இப்போது மகனுக்கு மாதச் சம்பளம் வருகிறது. அவருக்கு நாக்கே புதிதாக முளைத்துவிட்டது.

பெண் பிடித்திருந்தால்தான் எங்கள் பக்கம் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். அக்காவைப் பார்க்க வந்தவர்களுக்குப் பிடித்துவிட்டது, பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். அடுப்படியில் அம்மாவுக்குக் கை ஓடவில்லை. பதற்றத்தில், இருபது வருடப் பழக்கத்தில், கம்பைக் கிண்டும் துடுப்பை எடுத்து அரிசியையும் கிண்டிவிட்டாள். இலையில் விழுந்தது ஒரே கட்டியாக விழுந்தது.

மாப்பிள்ளையின் அப்பா விரலால் அதை அமுக்கிப் பார்த்தார். "ஏனுங்க, இது சோறுங்களா, சினிமா நோட்டீஸ் ஒட்டற பசைங்களா?"

பந்தியே சிரித்தது. எல்லோரையும் விட உரக்கச் சிரித்தவர் என் அப்பா. "அவளுக்குக் கம்பு கிண்டித்தானுங்க பழக்கம்" என்று வேறு சொன்னார். அம்மா கதவுக்குப் பின்னால் துடுப்போடு நின்றிருந்தாள். எனக்கு மாப்பிள்ளையின் அப்பா இலையை மடித்து அவர் தலையிலேயே கவிழ்க்கலாம் போலிருந்தது.

"பரவாயில்லீங்க. பொண்ணுக்குச் சோறாக்க நாங்க பழக்கிக்கறோம்" என்று பெருந்தன்மை காட்டிவிட்டு அவர்கள் பஸ் ஏறினார்கள்.

வண்டி போனதும் அக்கா வெளியே வந்தாள். "எனக்கு அந்த ஊடு வேண்டாமுங்கப்பா."

"கை நனைச்சுப்போட்டுப் போயிருக்காங்க. இப்பப் போயி என்ன பேச்சு அம்மணி இது?"

"அங்க போனா, இத்தன வருசம் உங்கம்மா உனக்கு என்னத்தப் போட்டு வளத்தான்னு கேப்பாங்க. நான் என்னன்னு சொல்றதுங்க?"

பந்தியில் அவ்வளவு பேசிய அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அடுப்படிக்குள் போய்த் தட்டத்தின் முன் உட்கார்ந்தார். அம்மா பானையிலிருந்து ஒரு கம்பு உருண்டையை எடுத்து வைத்து மோர் ஊற்றினாள்.

"என்னதுங்க இது?" என்று வாசற்படியிலிருந்து அக்கா கேட்டாள்.

அவர் தலைநிமிராமல் கரைத்தார். "சோறு" என்றார்.