முதலாளி பாண் வாங்கிவந்த வெள்ளிக்கிழமை

வியாழன் மாலை ஐந்து மணிக்கு டென்மார்க்கின் பில்லுண்ட் விமான நிலையத்தில் இறங்கினேன். கோப்பி முப்பத்தெட்டு குரோனர் என்றதும் குடிக்காமலே வெளியே வந்தேன். சித்தப்பாவின் மகன் ஜெயந்தன் காருடன் நின்றான். அவன் இருக்கும் பிராண்டேக்கு முப்பது கிலோமீற்றர். பஸ்ஸை நம்பினால் விடிந்த மாதிரித்தான் என்றான். நான் நியூஜெர்சியிலிருந்து வந்ததே அவனுக்காகத்தான். அமெரிக்கப் பச்சை அட்டைக் குலுக்கலில் அவன் பெயர் விழுந்திருந்தது. அடுத்த புதன்கிழமை நேர்முகம். போவதா விடுவதா என்று என்னைக் கேட்டுத்தான் முடிவெடுப்பானாம்.

வெள்ளி காலை எட்டே முக்காலுக்கு அவனுடைய வேலையிடத்துக்குக் கூட்டிப்போனான். காற்றாலைகளுக்கு உதிரிப்பாகம் செய்யும் பட்டறை, நாற்பது பேர். வெள்ளிக்கிழமைகளில் எல்லாரும் ஒன்றாகக் காலைச் சாப்பாடு. பேக்கரியில் பாண் வாங்கிவருவது முறைவைத்து. சுவரில் தொங்கிய பட்டியலில் ஜெயந்தனுக்குக் கீழே முதலாளியின் பெயர். போன தடவை மறந்துபோனதால் இம்முறை அவருக்குக் கேக்கும் தண்டமாம்.

முதலாளி இரண்டு பைகளோடு உள்ளே வந்தார். நான் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டேன். இடம் விடுகிறேன் என்று நினைத்து, நன்றி சொல்லி, என் கதிரையிலேயே இருந்துவிட்டார். எனக்கு வெட்கமும் சிரிப்புமாக வந்தது. துப்புரவு செய்யும் பெண் அவரைப் பெயர்சொல்லிக் கூப்பிட்டு, பட்டர் எங்கே என்று அதட்டினாள். எழும்பிப்போய் எடுத்துவந்தார். எல்லாரும் சமம் என்பதை நான் அமெரிக்கக் குடியுரிமைச் சோதனைக்கு மனப்பாடம் செய்தவன். அதைச் சாப்பாட்டு மேசையில் கண்டது இங்கேதான்.

மாலை காரில் இதைச் சொன்னபோது ஜெயந்தன் சிரிக்கவில்லை. பத்தொன்பது வருடமாக அவனுக்கு அதே இயந்திரம். குழுத் தலைவர் வேலைக்கு மூன்று தரம் கேட்டிருக்கிறான். மூன்று தரமும் அவன் பழக்கிவிட்ட டெனிஷ்காரருக்கே போனது.

"பாண் சரிசமன்தான் அண்ணை. இஞ்ச என்னை ஒருத்தரும் கீழ வைக்கேல்லை. மேல விடவும் இல்லை. அங்க ஏறலாம் எண்டு நீங்கள்தானே கிழமைக்குக் கிழமை ஃபோனில சொல்லுறனீங்கள்?"

சொன்னேன்தான். ஞாயிறு மதியம் பில்லுண்டுக்குத் திரும்பும்போதுதான் எனக்கு வாய் வந்தது. மூன்று வருடத்துக்கு முன் பனியில் வழுக்கி விழுந்ததை முதன்முதலாகச் சொன்னேன். அம்புலன்ஸ் பில்லுக்குப் பயந்து, கூப்பிடவேண்டாம் என்று கெஞ்சி, முறிந்த காலோடு சிநேகிதனின் காரில் வீட்டுக்குப் போனேன். இரண்டு நாள் கழித்துத்தான் ஆஸ்பத்திரி. கால் இன்னும் சரியில்லை.

அவன் வேகத்தைக் குறைத்தான். "அப்ப அங்கயும் உங்களை மேல விடேல்லையோ?"

"விட்டவை. ரெண்டாம் வருசமே சூப்பர்வைசர். விழுந்த அண்டைக்கும் நான் சூப்பர்வைசர்தான்."

விமான நிலைய வாசலில் பெட்டியை இறக்கித் தந்தபோது, நேர்முகத்துக்குப் போகப்போவதில்லை என்றான். குழுத் தலைவர் வேலைக்கு நாலாந்தரமும் கேட்பானாம். கிடைக்காவிட்டால் என்று கேட்டேன்.

"திரும்பக் கேப்பன். அதை விடுங்கோ. கால் முறிஞ்சதை ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை?"

ஏறிவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தவன் எந்த முகத்தோடு சொல்வது? வெட்கம்தான் என்றேன்.

அவன் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, என் நடைக்கு ஏற்ற மாதிரி மெல்ல மெல்ல உள்ளே நடந்தான்.