கண்டாவுக்குப் போன கைகள்

தீவு நாட்டின் தலைநகரான சுவாவின் பல்கலைக்கழகத்தில் உனாய்சிக்கென்று அறையும் கிடையாது, மேசையும் கிடையாது. விரிவுரைக் கூடத்தில் பலகைக்கு இடப்பக்கம், ஜன்னலை ஒட்டி நிற்கிற இடம்தான் அவளுடையது. பேராசிரியர் வாயால் சொல்வதை அவள் கையால் சொல்ல வேண்டும். பார்க்க வேண்டியவன் ஒரே ஒருவன், முதல் வரிசையில் உட்காரும் இசிகேலி. காது கேளாதவன், கடலியல் மாணவன். ஆனால் கூடம் முழுக்க அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கும். நீரோட்டம் என்று அவள் காட்டும்போது பின்வரிசைப் பையன்களின் தலைகூட லேசாகச் சாயும்.

அவள் இந்த மொழியைக் கற்றது வீட்டில்தான். தங்கை லிட்டியானாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கொசுவலைக்குள் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு, கைகளை மேலே தூக்கி இரண்டு பேரும் தங்களுக்குள் ஒரு பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். பிறகு லிட்டியானா பள்ளிக்குப் போய் முறையான சைகை மொழி படித்து வந்து, அக்காவுக்கும் சொல்லிக்கொடுத்தாள். அதனால் நாற்பத்து மூன்று வயதிலும் உனாய்சி தங்கையிடம் திட்டு வாங்காத நாள் கிடையாது.

அந்த மார்ச்சில், உலகெங்கும் பரவிக்கொண்டிருந்த தொற்றுநோய் நாட்டுக்குள் வந்துவிட்டது என்று வானொலி சொன்னது. பல்கலைக்கழகம் கூடங்களைப் பூட்டியது. இனி வகுப்பெல்லாம் இணையத்தில்தான், எல்லோரும் ஊருக்குப் போங்கள் என்று அறிவித்தது. கப்பல்கள் நிற்பதற்கு முன் கிடைத்த கடைசிக் கப்பலில் இசிகேலி தன் கண்டாவுத் தீவுக்குக் கிளம்பினான். துறைமுகத்தில் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே இரண்டு பேரும் கையால் பேசிக்கொண்டார்கள்.

“அக்கா, ஊர்ல சிக்னல் குன்று மேலதான் கிடைக்கும். உங்க கை அங்க வந்து சேருமா?”

“வராம எங்க போகும்? நீ தூங்காம இருந்தா சரி. கூடத்துலயே கண்ணைத் திறந்துகிட்டுத் தூங்குற ஆளு நீ.”

“நீங்க மாவு பிசையற மாதிரி கையை ஆட்டினா தூக்கம் வராதா பின்ன?”

அவன் உனாய்சிக்கு வைத்திருந்த சைகைப் பெயரே மாவு பிசைவதுதான். கப்பல் நகர்ந்து, முகம் தெரியாத தூரத்துக்குப் போன பிறகும் அந்தக் கை காற்றில் மாவு பிசைந்துகொண்டிருந்தது.

நகரம் சட்டென்று அடங்கிவிட்டது. மழை பெய்வதும் ஓய்வதும் தவிர வேறு சத்தம் இல்லை. வேலை செய்த தையல் ஆலை மூடிவிட்டதால் லிட்டியானாவும் வீட்டில் இருந்தாள். சமையலறைச் சுவரில் நீல விரிப்பைக் கட்டி, அரிசி டின்னின் மேல் போனைச் சாய்த்து வைத்து, அக்காவை அதன் முன்னால் நிறுத்தியது அவள்தான். வீட்டுக்குள் தண்ணீருக்கடியில் இருப்பது போன்ற ஒரு வெளிச்சம் வந்துவிட்டது.

முதல் வகுப்பிலேயே சிக்கல். பேராசிரியர் ராம்சமுஜ் தன் வீட்டு வராந்தாவிலிருந்து பேசினார். பின்னால் சேவல் கூவிக்கொண்டிருந்தது. தீவுகளில் இருந்த மாணவர்களுக்குக் குரல் விட்டு விட்டுத்தான் போய்ச் சேர்ந்தது.

“எல்லாரும் படத்தை அணைச்சிருங்கப்பா. லைன் தாங்கல. சத்தம் மட்டும் வந்தா போதும்” என்றார் அவர்.

திரையில் முகங்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன.

“சார், நான் அணைக்க முடியாது. இசிகேலிக்குப் படம்தான் வேணும். சத்தத்தை வச்சுகிட்டு அவன் என்ன பண்ணுவான்?” என்றாள் உனாய்சி.

பேராசிரியர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அட, மறந்தே போச்சும்மா. மன்னிச்சுக்கோ. நீ மட்டும் இரு.”

அவள் இருந்தாள். ஆனால் குன்றின் மேல் இசிகேலிக்குத் தெரிந்தது வேறு. கை மேலே போகும், அங்கேயே நிற்கும், பிறகு நாலு சைகையைத் தாண்டி வேறெங்கோ இருக்கும். “பாதி வாக்கியம் கடல்ல விழுந்துடுது அக்கா” என்று செய்தி அனுப்பினான்.

அக்காவும் தங்கையும் யோசித்தார்கள். வகுப்பு முடிந்த பிறகு அதையே சின்னச் சின்னத் துண்டுகளாகப் பதிவு செய்து, ஊர் எழும்புவதற்கு முன்னால் லைன் காலியாக இருக்கும் நேரத்தில் அனுப்பலாம் என்றாள் லிட்டியானா. விடியற்காலை ஈர வெளிச்சத்தில் உனாய்சி நீல விரிப்பின் முன் நிற்பாள். தங்கை போனுக்குப் பின்னால் உட்கார்ந்து பிழை பிடிப்பாள்.

“நிறுத்து, நிறுத்து. உன் கை திக்குது.”

“கை எங்கயாவது திக்குமாடி?”

“உனக்குத் திக்குது. இன்னொரு தடவை பண்ணு. அலை அலையாத்தான் இருக்கணும், ஈ ஓட்டுற மாதிரி இருக்கக் கூடாது.”

சில சொற்களுக்குச் சைகையே கிடையாது. ஆழத்துக் குளிர்நீர் மேலே எழும்பி வருவதை எப்படிக் காட்டுவது? உனாய்சி மூன்று விதமாகச் செய்து அனுப்பினாள். மூன்றும் வேண்டாம் என்றுவிட்டு, இசிகேலி இடுப்பளவுக் கடலில் நின்றபடி ஒன்றைப் பதிவு செய்து அனுப்பினான். ஒரு கை தண்ணீர்ப் பரப்பு போலக் கிடந்தது. மறு கை அதற்கடியிலிருந்து, தூங்கி எழுகிறவன் சோம்பல் முறிப்பது போல மெதுவாக விரிந்து வந்தது. லிட்டியானா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். “இவன் தண்ணிக்குள்ளதான் பொறந்திருப்பான்” என்றாள்.

உனாய்சிக்குக் கனவிலும் கைகளே வரத் தொடங்கின. குரல் எங்கும் இல்லாத பெரிய நீலக் கூடம், அதில் மீன் கூட்டம் போலத் திரும்பித் திரும்பி நீந்தும் கைகள்.

ஏப்ரலில் புயல் வந்தது. சுவாவில் தகரங்கள் பறந்தன, மரங்கள் விழுந்தன. கண்டாவுத் தீவைத்தான் அது நன்றாகப் பிடித்து உலுக்கிவிட்டுப் போனது. டவர் சாய்ந்துவிட்டது என்றார்கள். இசிகேலியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அனுப்பிய துண்டுகள் போய்ச் சேராமல் போனிலேயே நின்றன.

“இனிமே யாருக்குப் பதிவு பண்ற?” என்று கேட்டாள் லிட்டியானா. கேட்டுவிட்டு அவளே போனை அரிசி டின்னின் மேல் சாய்த்து வைத்தாள்.

அவனுக்கு என்ன ஆயிற்றென்றே தெரியாமல் தினமும் அவனோடு பேசுவது விசித்திரமாக இருந்தது. சில நாள் சைகையின் நடுவே உனாய்சியின் கைகள் தாமாகவே கீழே இறங்கிவிடும். ஒரு நாள் பாடத்தை முடித்த பிறகு, யாரும் சொல்லாமலே, “நீ சாப்பிட்டியா? கூரை இருக்கா?” என்று காட்டினாள். தங்கை அதையும் வெட்டாமல் விட்டாள்.

நிவாரணக் கப்பல் ஒன்று கண்டாவுக்குக் கிளம்புவதாகத் தெரிந்தது. அதில் போகிற தாதி ஒருத்தி அவர்கள் தேவாலயத்துக்காரி. உனாய்சி எல்லாப் பதிவுகளையும் ஒரு மெமரி கார்டில் ஏற்றி, மழையில் நனையாமல் பிஸ்கட் நிறைந்த டப்பாவுக்குள் போட்டு அவளிடம் கொடுத்தாள்.

“ஆளைக் கண்டா குடுக்குறேன். காணலைன்னா?” என்றாள் தாதி.

“பிஸ்கட்டை நீ சாப்பிடு. கார்டைத் திருப்பிக் கொண்டுவந்து குடு.”

மழை பெய்து, வெயில் அடித்து, மறுபடி மழை பெய்து, வாரங்கள் நகர்ந்தன. ஒரு காலை உனாய்சி டாலோக் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. இசிகேலிதான். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, ஒரு தார்ப்பாயின் முன் நின்றிருந்தான்.

“கூரை இல்லக்கா. நான் இருக்கேன், அம்மா இருக்காங்க. டவரை இன்னைக்குத்தான் நிமித்தினாங்க. தாதி குடுத்த கார்டுல பாடம் முழுக்கப் பார்த்துட்டேன், சோலார் விளக்குல போனைச் சார்ஜ் போட்டு. எங்க சொந்தக்காரங்க எல்லாரும் கூட உட்கார்ந்து பார்த்தாங்க. அவங்களுக்கு ஒண்ணும் புரியல. ஆனா நீங்க ஆடுறீங்கன்னு நினைச்சு ரொம்ப ரசிச்சாங்க.”

உனாய்சி சிரித்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். லிட்டியானா போனைத் தன் பக்கம் திருப்பி, “அழுறா. நீ அப்புறம் பேசு” என்று காட்டினாள்.

அந்தப் பருவத்தின் கடைசியில் ஒவ்வொரு மாணவனும் ஓர் ஆய்வைப் பற்றிப் பேச வேண்டும். இசிகேலி தன் ஊர் ஆற்றுமுகத்தை எடுத்துக்கொண்டிருந்தான். புயலுக்குப் பிறகு மணல் எங்கே போயிற்று என்பதுதான் அவன் கேள்வி. கடல் ஓதம் வற்றும்போதெல்லாம் மூங்கில் கழிகளை நட்டு அளந்து வைத்திருந்தான்.

அவன் முறை வந்தபோது, யாரும் கேட்காமலே பேராசிரியர் சொன்னார்: “எல்லாரும் படத்தை அணைங்க. லைன் முழுக்க அவனுக்குப் போகட்டும்.” தன் படத்தையும் அணைத்துக்கொண்டார்.

கறுத்த திரையில் கடற்கரை மட்டும் ஒளிர்ந்தது. இசிகேலி கையைத் தூக்கினான். இதுவரை பிறர் குரலைக் கையாக்கியே பழகிய உனாய்சி, முதன்முதலாக ஒரு வகுப்பு முழுவதற்கும் அவன் கையைக் குரலாக்கினாள். “நான் பிறந்த கரை இது” என்று தொடங்கினாள். அந்த ‘நான்’ யாருடையது என்று ஒரு கணம் தெரியவில்லை. மணல் அவள் வாய் வழியாக நகர்ந்து, ஆற்றைச் சுற்றி, பவளப்பாறையின் மேல் மெல்லப் படிந்தது.

நடுவில் படம் உறைந்தது. வலது கை நெஞ்சுக்கு எதிரே, விரல்கள் பாதி விரிந்தபடி.

“என்னம்மா ஆச்சு?” என்றது பேராசிரியரின் குரல்.

அடுத்து அவன் என்ன சொல்வான் என்று அவளால் ஊகிக்க முடிந்தது. சொல்லவில்லை. “அவன் கை நிக்குது சார். காத்திருக்கலாம்.”

எல்லோரும் காத்திருந்தார்கள். ஒரு வீட்டில் மழை பெய்துகொண்டிருந்தது, இன்னொரு வீட்டில் யாரோ தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள், எங்கோ சேவல் கூவியது. நாட்டின் ஏதேதோ மூலைகளிலிருந்து அத்தனை பேரும் அந்த ஒற்றைக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு விரல்கள் அசைந்தன. அவள் ஊகித்ததைவிட நல்ல வார்த்தையை அவன் சொன்னான்: “மணல் தொலைஞ்சு போகல. வேற இடத்துல தூங்குது.”

பேசி முடித்ததும் ஒவ்வொரு சதுரமாகத் திறந்தது. யாரும் கைதட்டவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி அசைத்தார்கள். காது கேளாதவர்களின் கைதட்டலை அவர்கள் எங்கே கற்றார்களென்று உனாய்சிக்குத் தெரியாது. கூடத்தில் அவளைப் பார்த்துப் பார்த்தே பிடித்திருப்பார்கள்.

கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு இசிகேலி சுவாவுக்கு வந்தான். கூடங்கள் திறந்தன. முதல் நாள் உனாய்சி ஜன்னலோரம் போய் நின்றாள். பேராசிரியர் வழக்கம் போல வேகமாகப் பேசினார். விட்டு விட்டுப் போகும் லைனுக்குப் பழகிய அவள் கைகள் மட்டும் பழைய வேகத்துக்கு வரவில்லை. ஒவ்வொரு சைகையும் முழுதாக விரிந்து, கொஞ்சம் நின்று, பிறகுதான் அடுத்ததற்குப் போயிற்று. இசிகேலி அவசரப்படுத்தவில்லை. கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில் பேராசிரியர் அவள் பக்கம் ஒருமுறை திரும்பினார், பிறகு தானும் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.