தூக்குவாளிக்குள் ஓர் ஆணி

எங்கள் குடும்பத்தில் முதலில் விமானம் ஏறியது அத்தை. ஆனால் விமானத்தைப் பற்றிய சகல ஞானமும் இருந்தது சித்தப்பாவிடம். அவர் ஏறியதில்லை. கூட்டாளி ஒருவரை வழியனுப்ப இரண்டு முறை திருவனந்தபுரம் போய், கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டிவிட்டு வந்தவர். அது போதாதா? அருப்புக்கோட்டையில் அவர் வைத்திருந்த சைக்கிள் கடைக்குப் பஞ்சர் ஒட்ட வந்தவர்கள், விமான நிலையத்தில் என்னென்ன சோதனை நடக்கும் என்பதையும் சேர்த்துக் கேட்டுவிட்டுத்தான் போக முடிந்தது.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. அப்போது அவளுக்கு இருபத்தொரு வயது இருக்கும். திருச்சுழிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணம் முடிந்த இருபதாம் நாள் மாமா துபாய்க்குத் திரும்பிவிட்டார். அதன்பிறகு ஒன்றரை வருஷம் அத்தை பெரும்பாலும் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். எனக்குத் தலை பின்னிவிடுவது, வீட்டுப்பாடத்தில் பாதியை எழுதித் தருவது, அம்மாவின் அடியிலிருந்து காப்பாற்றுவது எல்லாம் அவள் பொறுப்பு. எனக்கு வயது ஒன்பது. என்னைப் பொறுத்தவரை மாமா என்பவர் மாதம் இரண்டு கடிதம் போடும் ஓர் ஆள், அவ்வளவுதான். அந்த ஆள் திடீரென்று விசாவும் டிக்கெட்டும் அனுப்பி என் அத்தையை எடுத்துக்கொள்வது என்ன நியாயம் என்று எனக்குக் கோபமாக வந்தது. கோபத்தை யாரிடம் காட்டுவது? எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. விமானக் கடத்தல் செய்திகள் பேப்பரில் வந்துகொண்டிருந்ததால் சோதனை கடுமையாக இருக்கும் என்று சித்தப்பா எச்சரித்தார். கத்தி, கத்தரிக்கோல், பிளேடு, தீப்பெட்டி எதையும் கைப்பையில் வைக்கக் கூடாது. டார்ச் லைட்டுக்குப் போடும் பேட்டரிக்கட்டை கூடாது. ஊறுகாய் கூடாது. மிளகாய்ப்பொடி அறவே கூடாது. இந்தக் கடைசி விதியைக் கேட்டதும் அப்பா பேப்பரைக் கீழே வைத்தார். அவர் வத்தல் மண்டி வைத்திருந்தார். வீட்டின் பின்கட்டில் எந்நேரமும் இருபது மூட்டை மிளகாய் கிடக்கும். மிளகாய்ப்பொடி ஆயுதம் என்றால் தன்னைத்தான் முதலில் பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அப்பா மறுபடியும் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

பயணத்துக்கு முந்தின நாள் காலை ஒத்திகை நடந்தது. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவிலிருந்த நிலைப்படிதான் சோதனை வாசல். சித்தப்பா கடையிலிருந்து ஒரு சைக்கிள் மணியைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தார். உலோகம் எதுவும் இருந்தால் எந்திரம் சத்தம் போடும் இல்லையா, அதற்கு. நான் பெண் போலீஸ். தோசைத் திருப்பியால் அத்தையின் உடம்பை மேலும் கீழும் தடவிப் பார்ப்பது என் வேலை. முதல் தடவை அவள் நடந்தபோது சேஃப்டி பின்னுக்காக மணி அடித்தது. இரண்டாம் தடவை கொண்டை ஊசிக்காக. மூன்றாம் தடவை மெட்டிக்காக அடித்ததும் அம்மாவுக்கு வந்ததே கோபம். கட்டிய புருஷன்காரனைப் பார்க்கப் போகிறவள் மெட்டியைக் கழற்றிவிட்டா போவாள் என்று கேட்டாள். தங்கத்தையும் வெள்ளியையும் எந்திரம் கண்டுகொள்ளாது என்று சித்தப்பா உடனே விதியைத் திருத்தினார். அத்தை சிரித்துச் சிரித்து நிலையில் சாய்ந்துகொண்டாள். கடைசியில் மணி அடிக்காமல் அவள் கடந்து போனபோது நான் தோசைத் திருப்பியை உயர்த்தி சல்யூட் அடித்தேன். பிடிபட்டால் என்ன செய்வார்கள் என்று சித்தப்பாவிடம் கேட்டேன். ஏற்ற மாட்டார்கள், வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார். அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் விடியும்போதே அம்மா உப்புக்கண்டம் வறுத்தாள். ஆட்டுக்கறியை உப்பும் மஞ்சளும் போட்டு வெயிலில் காயவைத்துப் பிறகு எண்ணெயில் வறுப்பது. மாமா ஒரு கடிதம் விடாமல் அதைக் கேட்டிருந்தார். பெரிய பெட்டியில் வைத்தால் எண்ணெய் ஒழுகிப் பட்டுச்சேலை கெட்டுவிடும் என்று எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டு, கையில் கொண்டுபோவதாக ஏற்பாடு. அம்மா கறியை நிரப்பினாள். மேலே வாழையிலைத் துண்டு ஒன்றை வைத்தாள். அதன்மேல் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு. பக்கத்தில் நாலங்குல இரும்பாணி ஒன்று. பிறகு மூடியை அழுத்தி, துணியைச் சுற்றிக் கட்டினாள்.

எங்கள் பக்கத்தில் கறியோ மீனோ வீட்டைவிட்டு வெளியே போனால் கரியும் இரும்பும் கூடப் போகும். போகாவிட்டால் வழியில் இருக்கிற காத்துக்கருப்பு வாசனைக்குப் பின்னாலேயே வந்துவிடும். பக்கத்துத் தெருவுக்குக் கிண்ணத்தில் குழம்பு கொடுத்துவிட்டாலும் இதே கதைதான். யாரும் யோசித்துச் செய்வதில்லை. கறிக்கு உப்புப் போடுவதைப் போல அது. அதனால்தான் ஒவ்வொரு சாமானையும் எடுத்து வெளியே போட்டுத் திரும்ப அடுக்கிய சித்தப்பாகூடத் தூக்குவாளியைப் பார்த்து, "கறிதான மதினி?" என்று கேட்டதோடு விட்டுவிட்டார்.

நான் மட்டும் யோசித்தேன். நான்தானே போலீஸ். ஆணி இரும்பு, இரும்பு கூடாது, இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆணியை எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள். நான் பின்கட்டுக்குப் போய் மிளகாய் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். கூப்பிட்ட பிறகுதான் இறங்கி வந்தேன்.

வேன் பந்தல்குடி தாண்டும்வரை எனக்கு ஒரே கொண்டாட்டம். சாயங்காலம் இதே வழியில் அத்தையும் எங்களோடு திரும்பி வருவாள் என்று நினைத்தபோது வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. எட்டயபுரத்தில் டீக்கு நிறுத்தினார்கள். அங்கேதான் சித்தப்பா இன்னொரு தகவலை அவிழ்த்துவிட்டார். யாரோ ஓர் ஆள் பையில் ஏதோ ஒரு சாமானோடு பிடிபட்டு, போலீஸ் அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதாம். எனக்குக் குடித்த பால் வயிற்றில் நிற்கவில்லை. வேனை நிறுத்தி என்னை இறக்கி வாந்தி எடுக்க வைத்தது அத்தைதான். என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் வேண்டியது திருப்பி அனுப்புவதைத்தான், ஜெயிலை இல்லை. ஆனால் சொன்னால் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்பார்களே. வாயைக் கொப்பளித்துவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அந்தக் காலத்தில் காசு கட்டிச் சீட்டு வாங்கினால் வழியனுப்ப வந்தவர்களும் கொஞ்ச தூரம் உள்ளே போகலாம். ஒரு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். அந்தப் பக்கம், எங்கள் கண்ணெதிரிலேயே, கைப்பைகளைச் சோதிக்கும் மேசை. பெரிய பெட்டி ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. அத்தை கைப்பையைத் திறந்து காட்டினாள். அதை ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். தூக்குவாளியின் துணியை அவிழ்த்து மூடியைத் திறந்தார்கள். பெண் போலீஸ் இரண்டு விரலால் ஆணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு கரியைப் பார்த்தாள். பிறகு அத்தையைப் பார்த்தாள். சித்தப்பா மெதுவாக ஒரு தூணுக்குப் பின்னால் நகர்ந்துவிட்டார்.

நான் நினைத்தமாதிரி யாரும் விசில் ஊதவில்லை, ஜீப்பும் வரவில்லை. அந்தப் பெண் போலீஸுக்கு நாகர்கோவில் பக்கத்துத் தமிழ் நன்றாகவே வந்தது. தங்கள் வீட்டிலும் மீன் கொடுத்துவிட்டால் இப்படித்தான் வைப்பார்கள் என்று சொல்லிச் சிரித்தாள். கரி போகட்டும், கறியும் போகட்டும், ஆணி மட்டும் விமானத்துக்குள் வரக் கூடாது என்றாள். நல்ல மனுஷி. விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"இரும்பு இல்லாம கறி போகக்கூடாது. கடல் தாண்டிப் போற புள்ள."

பெண் போலீஸ் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அம்மா அதைவிடப் பொறுமையாகத் தன் விதியைச் சொன்னாள். அத்தைக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. அப்பா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தார், அம்மா அசையவில்லை. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அத்தை இங்கே வா, அத்தை இங்கே வா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் தூக்குவாளியை மூடினாள். மேசையைவிட்டு விலகி எங்களை நோக்கி நடந்து வந்தாள். நான் குதித்தேவிட்டேன்.

அத்தை தூக்குவாளியை அம்மாவிடம் கொடுக்கவில்லை, என் கையில் கொடுத்தாள். "கறி ஒங்களோடயே வரட்டும் மதினி, நான் போறேன்" என்று அம்மாவிடம் சொன்னாள். பிறகு குனிந்து என் காதருகே கேட்டாள்.

"ஆணி இருக்கறது ஒனக்குத் தெரியும்ல?"

தலையாட்டினேன். தெரிந்துதானே சொல்லாமல் இருந்தாய் என்று கேட்டாள். அதற்கும் ஆட்டினேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"அழாத புள்ள. எனக்குந்தான் தெரியும்."

பிறகு வேகமாக நடந்து போய் வரிசையில் நின்றுகொண்டாள். திரும்பிப் பார்ப்பாள் என்று கை உயர்த்தியபடி நின்றேன். அவள் திரும்பவில்லை.

திரும்பும் வழியில் ஆரல்வாய்மொழியில் வேனை நிறுத்தி, அந்தப் பேய்க்காற்றில் முந்தானையைப் பிடித்துக்கொண்டே அம்மா எல்லோருக்கும் உப்புக்கண்டம் பங்கு வைத்தாள். மீதியை மூடும்போது ஆணியையும் கரியையும் மறுபடி பத்திரமாக உள்ளே வைத்தாள். ஆணி சாமான் கணக்கில் வருமென்று யார் கண்டார்கள் என்று சித்தப்பா தன் பங்கைத் தின்றுகொண்டே வாதாடினார். யாரும் அவரைச் சும்மா விடவில்லை. சிரிப்பில் வேனே குலுங்கியது.

அத்தை அங்கே நன்றாகவே வாழ்ந்தாள், மாமாவும் தங்கமான மனிதர். ஆனால் அன்று அவளுக்கு அது எப்படித் தெரியும்? இருபது நாள் பார்த்த ஒருவரை நம்பிக் கடல் தாண்டுகிறவள், யாராவது வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட மாட்டார்களா என்று நினைத்திருப்பாள் என்பது, எனக்குக் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் உறைத்தது. அதுவரை அவள் சொன்னதை என்னைத் தேற்றச் சொன்ன பொய் என்றே வைத்திருந்தேன். அன்று வேனில் எனக்கு அந்த யோசனையெல்லாம் இல்லை. அத்தை என்னைக் காட்டிக்கொடுக்காமல் போய்விட்டாள் என்ற நிம்மதியில் அம்மாவிடம் இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினேன்.