மலைப் பரிசு யாருக்கு

இன்பசேகரன் சித்தூர் மிஷன் பள்ளியில் டிரில் மாஸ்டர். தடாவில் கிளம்பி திருப்பதி வழியாகச் சித்தூர் வரை பல நாள் சைக்கிள் பந்தயம் நடந்த வருஷம், சந்திரகிரிக்கு அப்பால் மலைப்பாதை உச்சியில் கொடி பிடிக்கும் வேலை அவருக்கு வந்தது. ஓட்டியவர்கள் எல்லாம் சைக்கிள் கடைக்காரர்கள் சம்பளம் கொடுத்து இறக்கிய ஆட்கள். உச்சியை முதலில் தொடுபவனுக்குத் தனியாக ஒரு கோப்பை உண்டு.

முதலில் ஏறி வந்தவன் வரதய்யபாளையத்து நாகேந்திரன். வாயோரம் நுரை தள்ள, எல்லைக் கோட்டைக் கடக்கும்போதே கேட்டான்: "சார், நான்தானே மொதலு?"

இன்பசேகரன் பதில் சொல்லவில்லை. அடுத்து வருவது யார் என்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகேந்திரன் பதிலுக்காகத் திரும்பிப் பார்த்தபடியே இறக்கத்தில் போனான். முதல் வளைவில் எதிரே புளி மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி. சத்தம் மட்டும்தான் மேலே வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

பந்தயம் முடிந்ததும் பரிசுகளை முடிவு செய்யக் கமிட்டி கூடியது. தலைவர் வீராசாமி, அரிசி மில்காரர், நல்ல மனுஷர்.

"அன்னன்னிக்கு ஓட்டத்த முடிக்காதவனுக்குப் பரிசு கெடையாதுன்னு நாமதானே வெச்சோம்? ரூல்னா ரூல்தான், காதா மாஸ்டாரு?"

"மலைய ஜெயிச்சிட்டுத்தாங்க அவன் செத்தான்."

"ரெண்டாவதா வந்த கோவர்த்தனன் இன்னா பாவம் பண்ணான்? கட்டுப் போட்ட காலோட ஏறினான். செத்தவனுக்கே குடுத்துக்கினு இருந்தா உசுரோட கீறவனுக்கு இன்னா குடுக்கறது?"

அதிலும் நியாயம் இருந்தது. நாகேந்திரன் பெயரில் ஓர் ஆறுதல் பரிசு வைக்கலாமே என்றார் இன்னொருவர். இன்பசேகரன் சட்டென்று எழுந்துவிட்டார்.

"ஆறுதல் வேணாம். அவன் கேட்டது அது இல்ல."

"எவன் கேட்டான்? எப்போ?" என்றார் வீராசாமி. இன்பசேகரன் உட்கார்ந்துகொண்டார்.

கோப்பை கோவர்த்தனனுக்கே போயிற்று. மேடையில் அதை வாங்கிய கையோடு தன் மனைவியிடம் கொடுத்துவிட்டான். மறுபடி அதைத் தொடவில்லை.

சில நாள் கழித்து இன்பசேகரன் வரதய்யபாளையம் போனார். நாகேந்திரனின் மனைவி அம்சவேணி வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மலையில உங்க வூட்டுக்காரர்தான் மொதல்ல வந்தாரு. நான் கண்ணால பாத்தேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அத அவருகிட்ட சொன்னீங்களா சார்?"

ஒன்றும் தெரியாமல்தான் கேட்டாள். அவள் கொடுத்த மோரை அவர் குடிக்காமலே வைத்துவிட்டு எழுந்தார்.

அதன்பின் மிஷன் கோயிலில் எல்லோரும் கண்மூடி ஜெபிக்கையில் அவர் மட்டும் கண்ணைத் திறந்தே வைத்திருப்பார். மூடினால் அந்த முகம் திரும்பிப் பார்க்கும்.

அடுத்த வருஷம் உச்சியில் நிற்க மறுத்துவிட்டார். இறக்கத்தில் அந்த முதல் வளைவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சிவப்புக் கொடியை வீசி, இறங்குகிற ஒவ்வொருவனையும் பார்த்து, "மெள்ள, மெள்ள!" என்று தொண்டை கிழியக் கத்துவார். பந்தயம் நின்றுபோகும் வரை வருஷா வருஷம் அதே இடம்தான்.

கடைசி ஆள் போன பிறகும் கமிட்டி வேனில் ஏறமாட்டார்.

"எல்லாரும் பூட்டாங்க சார், வாங்க" என்பான் டிரைவர் பழனி.

"இரு பழனி. மேல ஒருத்தன் இருக்கான்."

பழனி முதல் வருஷம் மேலே போய்த் தேடிவிட்டு வந்தான். பிறகு தேடுவதை விட்டுவிட்டான். இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பான். வெறும் பாதையை வெகுநேரம் பார்த்துவிட்டு, இன்பசேகரன் கொடியைச் சுருட்டிக்கொண்டு வந்து ஏறுவார்.