மகள் செய்த முதல் வைன்

நாங்கள் வாழும் எசன் நகரில் வங்கி வேலையை விட்ட என் மகள், பிரான்சில் பலரும் அறியாத மடிரான் பகுதியில் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போனாள். அதை நான் எவரிடமும் சொல்லவில்லை. நூறு வயதுக் கொடிகளின் பழத்தில் தானே செய்த முதல் சிவப்பு வைனை அனுப்பியிருந்தாள். அது வந்த அன்று உறவினர்கள் வருவதாக இருந்தது. போத்தலைக் கண்டால் என்ன சொல்வார்களோ என்ற பயத்தில், முழுவதையும் குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டேன்.

மறுநாள் அழைத்தாள்.

"அம்மா, குடிச்சுப் பாத்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை. நல்ல இனிப்பு."

"அது துவர்ப்பம்மா. இனிப்பே இல்லை," என்றாள். "சரி, வேலை கிடக்கு. வைக்கிறன்."

ஒரு வாய் குடித்துவிட்டு, பிடிக்கவில்லை என்றே சொல்லியிருக்கலாம். இப்போதும் வாரந்தோறும் அழைத்து, சாப்பிட்டேனா, அங்கே குளிரா என்று கேட்கிறாள். தோட்டத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.