ஒரே வயலுக்கு இரண்டு குத்தகைக்காரர்

தன்னைப் பார்த்துத் தானே சிரிப்பவன் தன்னை மன்னித்துவிட்டான் என்று கொள்ளலாமா? கனகசூரியத்தை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் எழுகிறது.

2007இல் போருக்குத் தப்பி, மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வந்த அவர், களுவாஞ்சிக்குடியில் ஒரு நிவாரண அலுவலகத்தில் கணினி வேலை பார்த்தார். தரவுகளை வைக்கும் பொதுச் சேமிப்பகத்தின் ஒரு பகுதியைப் பதிவுக் கணினிக்கு மட்டும் இணைக்கச் சொன்னார்கள். அரிசிப் பங்கீட்டுக் கணினியும் பார்க்கட்டுமே என்று அதே பகுதியை இரண்டுக்கும் இணைத்துவிட்டார். ஒவ்வொரு கணினியும் அது தனக்கே சொந்தமென்று எண்ணி, மற்றது எழுதியதன் மேலேயே எழுதியது. ஒரு முகாமின் பெயர்கள் அத்தனையும் அழிந்தன. பெயர் இல்லாதவருக்கு அரிசி இல்லை.

“ஒரே வயல ரெண்டு பேருக்குக் குத்தகைக்குக் குடுத்த போடியார் நான்தான்” என்று தன்னையே நிலச்சொந்தக்காரராக்கிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே, கூடாரம் கூடாரமாகப் போய்ப் பெயர்களை மறுபடி எழுதினார்.

“இந்த முறையாவது வரம்பு கட்டினீங்களா போடியார்?” என்று கேட்டாள் முகாமில் இருந்த சீனிப்பிள்ளை.

“ஓம் அக்கா, கட்டிப்போட்டுத்தான் வாறன்.”

அதே முகாமில்தான் அவர் குடும்பமும் இருந்தது. எல்லாரையும் பதிந்தவர், தன் குடும்பத்தை மட்டும் பதியவில்லை. அதைப் பாராட்ட எனக்கு வாய் வரவில்லை, பிள்ளைகளுக்கும் பசிக்கும். ஏன் என்று மனைவி வசந்தாதேவி கேட்டபோதும், “வயல அழிச்ச போடியாருக்கு என்ன பங்கு?” என்று சிரித்தார்.